ஆயில் குடிக்கும் பழைய வண்டியைப் புகைப் பரிசோதனையில் தேற வைப்பது எப்படி

ஆயில் குடிக்கிற வண்டியெல்லாம் புகைப் பரிசோதனையில் தோற்றுவிடும் என்றில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் குறையும் எஞ்சின்கூட, கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் நச்சு வாயுவை எரித்துச் சுத்தமாக்கும் பாகம்) நல்ல நிலையில் இருந்தால் கண்ணுக்குப் புகையே காட்டாமல் தேறிவிடும். பெரும்பாலும் வண்டியைத் தோற்கடிப்பது, அந்த ஆயில் மாதக்கணக்கில் கெடுத்து வைத்த பாகங்கள்: கரி பிடித்த பிளக், சாம்பல் படிந்த ஆக்சிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் வாயுவின் ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைத் திருத்த உதவுவது), ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் படிந்து வேலை செய்யாமல் போன கன்வெர்ட்டர். அதனால் "ரிங் மாத்தணுமா?" என்ற கேள்வி (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்தான் ரிங்) கடைசியில் வரட்டும். ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது, ரிப்போர்ட்டில் எந்த எண் எல்லை தாண்டியது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எவ்வளவு குறைகிறது?

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றிவிட்டு 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தி, மறுபடி மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையில் அளந்துகொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவைத்தால் வெளியே ஒழுகுவது எவ்வளவு என்பதும் தெரியும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட் ஒழுகுவதைப் பார்க்காமல் ரிங்கைக் குறை சொல்பவர்கள் உண்டு.

ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லிக்குள் என்றால் பராமரிப்பு வேலைகளே பெரும்பாலும் போதும். அரை லிட்டரைத் தாண்டினால் ஏதாவது ஒரு பாகத்தைச் சரிசெய்தே ஆகவேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும் எஞ்சினை எந்தத் தந்திரமும் காப்பாற்றாது. ஒருமுறை தப்பித்தாலும் அடுத்த முறை மாட்டும். இது அனுபவக் கணக்கு, சட்டம் இல்லை.

புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து, ஓரிரு நிமிடத்தில் மறைந்தால் காரணம் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். இரவெல்லாம் சீல் வழியாக இறங்கிய ஆயில் வால்வுத் தண்டிலும் போர்ட்டிலும் தேங்கி, முதல் சில நிமிடத்தில் எரிகிறது. ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் நிற்க வைத்து, பிறகு ரேஸ் கொடுத்ததும் ஒரு கொத்துப் புகை வந்தாலும் சந்தேகம் அங்கேதான். ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். அது சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் கால் எடுத்து இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியும் புகைக்கும் காரணம் இதேதான்.

மேடேறும்போதும் பாரம் இழுக்கும்போதும் விடாமல் நீலமாகத் தள்ளினால் ரிங் பக்கம் பாருங்கள். டர்போ வண்டியில் இதே அறிகுறி டர்போ சீலாலும் வரும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பிவரும் குழாய் அடைத்திருந்தால் நல்ல டர்போகூட ஆயிலைக் கக்கும். டர்போவைக் கழற்றுமுன் அந்தக் குழாயைப் பாருங்கள்.

வெள்ளையாக வந்து காற்றில் உடனே கரைவது நீராவி, அதை விட்டுவிடலாம். இனிப்பு வாடையோடு நின்று மிதக்கும் வெள்ளைப் புகை கூலன்ட்; அது ஹெட் கேஸ்கெட் விவகாரம். கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ அதிகம் போகிறது. இவை இரண்டுக்கும் ஆயிலோடு சம்பந்தம் இல்லை.

பி.சி.வி. வால்வு

விலை குறைவு, மாற்ற ஐந்து நிமிடம், ஆனாலும் பலரும் கடைசியில்தான் இதைப் பார்ப்பார்கள். சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி எரிக்க வைப்பது இதன் வேலை. திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவியைக் கட்டுப்பாடில்லாமல் உறிஞ்சும். மூடியபடி சிக்கிக்கொண்டால் சம்ப்பில் அழுத்தம் ஏறி, எங்கெல்லாம் வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலைத் தள்ளும்.

வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். பழைய வகையில் உள்ளே 'கடகட' என்று சத்தம் வரவேண்டும். ஹோஸோடு இணைத்து, ஐடிலிங்கில் வால்வின் திறந்த முனையில் விரலை வைத்தால் இழுவை தெரியவேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் ஒரு தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. தாள் மேலே தூக்கி அடித்தால் ஒன்று பி.சி.வி. அடைப்பு, இல்லை ரிங் வழியாக வாயு கீழே இறங்குகிறது. டேப்பட் கவருக்குள்ளேயே டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வைத்த வண்டிகளில் அது கிழிந்தால் மூடியைத் திறக்கவே முடியாத அளவு இழுக்கும், விசில் சத்தமும் வரும். ஹோஸ்களையும் சேர்த்துப் பாருங்கள். உட்பக்கம் பிசின் மாதிரி ஆயில் கட்டி பாதி அடைத்த ஹோஸில் புது வால்வு போட்டும் பயனில்லை.

கம்ப்ரஷன் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று சுற்றி அளவெடுங்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் 10 முதல் 12 பார் வரும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அருமையாக வந்தும் ஆயில் குடிக்கும் வண்டிகள் ஏராளம். கம்ப்ரஷனைத் தாங்குவது மேல் இரண்டு ரிங். சுவரிலிருந்து ஆயிலை வழிப்பது மூன்றாவதான ஆயில் ரிங். அதன் துளைகளில் கரி அடைத்து ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் குறையாமலேயே ஆயில் மேலே ஏறும். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரோடு பிரச்சினை நிற்கிறது. நான்கும் ஒரே மாதிரி சாம்பல் படிந்திருந்தால் சீல்கள் மொத்தமாக இறுகிவிட்டன, அல்லது பி.சி.வி. வழியாக எல்லாவற்றுக்கும் ஆயில் போகிறது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

எல்லை நாட்டுக்கு நாடும், வண்டியின் வயதுக்கு ஏற்பவும் மாறும். அது உங்கள் ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும். கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் வண்டிக்குப் பல இடங்களில் கார்பன் மோனாக்சைடு 0.2 முதல் 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத எரிபொருள்) 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு), லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.97 முதல் 1.03 என்ற அளவில் இருக்கும். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறி, ஆக்சிஜனும் அதிகமாக இருந்தால் வண்டி எங்கோ மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆயில் பிடித்த பிளக்கில் இது சகஜம். ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறி லாம்டா 0.97-க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆக்சிஜன் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். சாதாரண ஜிர்கோனியா சென்சார், சூடான எஞ்சினில் 2500 ஆர்.பி.எம்.மில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாகத் தாவிக்கொண்டே இருக்கவேண்டும். சோம்பி நடுவில் நின்றால் மாற்றுங்கள். லாம்டா சரியாக 1-ல் இருந்தும் இரண்டு வாயுக்களும் எல்லை தாண்டினால் கன்வெர்ட்டர் சூடாகவில்லை, அல்லது செத்துவிட்டது. லாம்டா 1.03-ஐத் தாண்டினால் முதலில் எக்ஸாஸ்ட் மூட்டுகளில் ஓட்டை தேடுங்கள். ஊசித்துளை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து கணக்கையே கெடுத்துவிடும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, பலர் செய்வதில்லை. வாயு அளக்கும் கருவி கிடைத்தால், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு அளவைக் குறித்துக்கொண்டு, பி.சி.வி. ஹோஸை இன்டேக்கிலிருந்து கழற்றி இரண்டு வாயையும் அடையுங்கள். அளவு சட்டென்று இறங்கினால் சம்ப் ஆயிலில் பெட்ரோல் கலந்து கிடக்கிறது. அந்த ஆவிதான் இன்டேக்குக்குப் போய் எண்ணை ஏற்றுகிறது. ஆயில் மாற்றினாலே அந்த வண்டி தேறக்கூடும். குட்டிக்குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டிகளில் இது அதிகம்.

ஆயில் மாற்றம்

பரிசோதனைக்கு 150, 200 கிலோமீட்டர் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கையேடு அனுமதிக்கும் தரங்களில் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள். 5டபிள்யூ-30 ஓடிய எஞ்சினுக்கு 5டபிள்யூ-40 நல்ல அடுத்த படி. கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு ஏ.சி.இ.ஏ. சி3 (ஐரோப்பிய ஆயில் தரக்குறி) என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்கினால், கெட்டித்தன்மையும் கிடைக்கும், பாஸ்பரஸும் சாம்பலும் கட்டுக்குள் இருக்கும். கன்வெர்ட்டரே இல்லாத பழைய கார்பரேட்டர் எஞ்சினில், கையேடு ஏற்றால் 20டபிள்யூ-50 வரை போகலாம். ஆனால் 0டபிள்யூ-20-க்காக வடிவமைத்த, வால்வு டைமிங் மாறும் எஞ்சினில் அந்தக் கெட்டி ஆயிலை ஊற்றினால் வேறு தலைவலிகள் தொடங்கும்.

டிப் ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவிலிருந்து சற்று மேலே நிறுத்துங்கள். "எப்படியும் குறையத்தானே போகுது" என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, பிரீதர் (சம்ப் வாயு வெளியேறும் வழி) வழியாக இன்டேக்குக்கே அனுப்பும்.

புகை நிறுத்தும் மருந்து என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் கெட்டியாக்கும் பசை. சில நூறு கிலோமீட்டருக்குப் புகை குறையலாம். ஒட்டிப்போன ரிங்கை அது விடுவிக்காது. ரப்பரை இளக்கும் வகை மருந்து, இறுகிய சீலுக்கு ஓரளவு உதவும். ஆனால் அது வேலை செய்யப் பல நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும், முந்தின நாள் ஊற்றிப் பயனில்லை.

ஒட்டிய ரிங்கை ஊறவைத்தல்

பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். டீசலில் இதைச் செய்யவேண்டாம்; உள்ளே மிச்சமிருக்கும் திரவம் கனெக்டிங் ராடை வளைக்கலாம், எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஓடவும் வைக்கலாம்.

பிளக்குகளைக் கழற்றி, நீள பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் துளையில் விட்டு, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் கையால் திருப்புங்கள். நேர்வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு பிஸ்டனும் ஒரே மட்டத்தில், பாதி உயரத்தில் நிற்கும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். கரி கரைக்கும் திரவத்தை ஒவ்வொரு துளையிலும் 30 முதல் 40 மில்லி, சிரிஞ்சால் விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு சிலிண்டரில் மட்டும் முழுக்க இறங்கியிருந்தால், அங்கே ரிங் வழி தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். குறித்துவைத்துக்கொண்டு மறுபடி நிரப்புங்கள். நடுவில் ஓரிரு முறை கிராங்க்கைச் சில டிகிரி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஓர் இரவு, முடிந்தால் ஒரு முழு நாள் ஊறட்டும். சிலிண்டர் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினில் திரவம் ரிங்கின் கீழ்ப்பாதியில் மட்டுமே நிற்கும், பலன் குறைவு.

பிறகு சிரிஞ்சில் குழாய் மாட்டி மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். ஃப்யூயலும் இக்னிஷனும் துண்டித்திருப்பதை மறுபடி சரிபாருங்கள். பிளக் துளைகள் மேல் கெட்டித் துணி போர்த்தி, சில நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கண்ணை விலக்கி நில்லுங்கள், திரவம் பீய்ச்சி அடிக்கும், தீப்பற்றக்கூடியதும்கூட. சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லி எஞ்சின் ஆயில் விடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சம்ப் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கீழே இறங்கிய திரவம் பழைய ஆயிலை நீர்க்க வைத்திருக்கும், அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து இருபது நிமிடம் அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும் அளவுக்குப் புகை வரும். 200, 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் முடிவு தெரியும். எனவே பரிசோதனைக்கு ஒரு வாரமாவது முன்னால் செய்யுங்கள். புது பிளக்குகளை அதற்குப் பிறகு போடுவதே சிக்கனம்.

வால்வு சீல், ஹெட் கழற்றாமல்

காலைப் புகை மட்டும் என்றால் ஹெட்டை இறக்காமலே இதை முடிக்கலாம். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் துளையில் அடாப்டர் மாட்டி 6 பார் காற்று கொடுத்தால் வால்வு கீழே விழாமல் நிற்கும். காற்றழுத்தம் கிராங்க்கைச் சுழற்றிவிடலாம், எனவே கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவையுங்கள். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் நைலான் கயிற்றை பிளக் துளை வழியாகத் திணித்து, பிஸ்டனைக் கையால் உயர்த்தி அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். மெதுவான வேலை என்றாலும் நம்பகமானது. கயிற்றின் ஒரு முனை கட்டாயம் வெளியே இருக்கட்டும்.

ஹெட்டில் ஆயில் இறங்கும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்த பிறகே ஸ்பிரிங்கை அழுத்துங்கள். சுண்டுவிரல் நகம் அளவுள்ள வால்வு லாக் ஒன்று துளையில் விழுந்தால் சம்ப்பைக் கழற்ற வேண்டிவரும். லாக்குகளைக் காந்தத்தால் எடுங்கள். பழைய சீலை இடுக்கியால் முறுக்கி இழுத்தால் வரும். விரலால் அழுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். புது சீலை ஆயிலில் நனைத்து, வால்வுத் தண்டின் லாக் பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு இறக்குங்கள். இல்லையென்றால் பள்ளத்தின் விளிம்பே புது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். இன்டேக் சீலும் எக்ஸாஸ்ட் சீலும் பல எஞ்சின்களில் வேறுவேறு, நிறத்தில் அடையாளம் இருக்கும். வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள்.

சீல் இல்லாத நேரத்தில் காற்றை நிறுத்திவிட்டு, வால்வைச் சில மில்லிமீட்டர் இறக்கி இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய ஆடினால் வால்வுத் தண்டைத் தாங்கும் கைடு தேய்ந்திருக்கிறது. அதன்மேல் புது சீல் போட்டாலும் சீக்கிரமே மறுபடி ஒழுகும். ஹெட் வேலை தவிர்க்க முடியாது.

டீசலுக்குத் தனியாக

டீசலில் அளப்பது புகையின் அடர்த்தி. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, எஞ்சின் உச்ச வேகம் தொட்டதும் விட வைப்பார்கள், பலமுறை. நீலப்புகையும் கருவிக்கு அடர்த்திதான்.

போவதற்கு முன் இன்டர்கூலரின் (டர்போ தரும் சூடான காற்றை ஆற்றும் பாகம்) தாழ்ந்த பக்க ஹோஸைக் கழற்றுங்கள். உட்புறம் ஈரப்பசை இருப்பது இயல்பு. கிண்ணத்தில் ஊற்றும் அளவு ஆயில் தேங்கியிருந்தால், அந்த வண்டியில் முழு ரேஸ் கொடுப்பது ஆபத்து. தேங்கிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால், அதையே எரிபொருளாக்கிச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கும். காற்று வரும் வழியை அடைத்தோ, உயர்ந்த கியரில் பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை விட்டோதான் நிறுத்த முடியும். ஆயிலை வடித்து, டர்போவும் பிரீதரும் பார்த்த பிறகே பரிசோதனைக்குப் போங்கள். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் கடந்திருந்தால் அதையும் முதலில் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும்.

சைலன்சரில் படிந்த கரியைத் துப்ப வைக்க, அன்று காலை அரை மணி நேரம் ஒரு கியர் குறைத்து 3000 ஆர்.பி.எம். அருகே ஓட்டுங்கள். நகரத்தில் ஊர்ந்தே பழகிய டீசலுக்கு இது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

பரிசோதனை நாள்

கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கவே 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு மேல் சூடேறினால்தான் ஆயிலின் மிச்சத்தையும் எரிக்கும். இருபது முப்பது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டி, நேராகப் பரிசோதனைக்குள் நுழையும்படி நேரம் வாங்குங்கள். வரிசையில் அரை மணி நேரம் ஐடிலிங்கில் நிற்பது, ஆயில் குடிக்கும் வண்டிக்கு இரட்டை நஷ்டம்: கன்வெர்ட்டர் ஆறும், வால்வு சீல் வழியாக ஆயில் தேங்கும். காத்திருக்க வேண்டியிருந்தால் அணைத்துவையுங்கள். உங்கள் முறை வருவதற்கு மூன்று நிமிடம் முன் ஸ்டார்ட் செய்து, 2500 முதல் 3000 ஆர்.பி.எம்.மில் நிறுத்திப் பிடியுங்கள். முதலில் ஒரு கொத்துப் புகை போகும், அது நின்று சைலன்சர் வாய் தெளிந்த பிறகு உள்ளே போங்கள். ஏ.சி., விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும்.

கார்பரேட்டர் வண்டியில் சோக் முழுக்கத் திறந்திருக்கிறதா, இக்னிஷன் டைமிங் கையேட்டின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் அளவுக்கு மேல் முன்னால் இருந்தால் ஹைட்ரோகார்பன் ஏறும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எரிவது அதன் பிறவிக் குணம். அதற்கு ஆயில் பம்ப் அளவும் சைலன்சர் கரியும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் பரிசோதனை என்றால், எஞ்சின் லைட்டை முந்தின நாள் அழித்துவிட்டுப் போகாதீர்கள். பழுதுக் குறியீட்டை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று திரும்பிவிடும்; பரிசோதிப்பவர் கருவியில் அது அப்படியே தெரியும். கன்வெர்ட்டர் சுயசோதனையும் பெட்ரோல் ஆவி சுயசோதனையும்தான் கடைசியில் முடியும். நகரம், நெடுஞ்சாலை இரண்டிலுமாகச் சில நாள் ஓட்ட வேண்டியிருக்கும். டேங்க் கால் பாகத்துக்கும் முக்கால் பாகத்துக்கும் இடையே இருக்கட்டும், முழுக்க நிறைந்திருந்தால் ஆவி சோதனை ஓடாமலே இருக்கும். பி0300 வரிசைக் குறியீடு மிஸ் அடிப்பதைச் சொல்கிறது, பி0420 கன்வெர்ட்டர் பலவீனத்தை. இரண்டும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கை முதலில் தீருங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும்.

எல்லாம் செய்தும் கன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்று தெரிந்தால், அதை வாங்குவதற்கு முன் ஆயில் குடிப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குக் கீழே வந்துவிட்டதா என்று மறுபடி 500 கிலோமீட்டர் ஓட்டி அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் புது கன்வெர்ட்டரும் பழையது போன வழியிலேயே போகும். சீல் அல்லது ரிங் வேலை முடிந்த பிறகு, ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்து மாற்றுங்கள்.